அடியா, இரத்தமா

ஆனி 14, திங்கள்
காலை முதல் மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள்தான், பாடம் நடத்தவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரருக்கு மறுபடி காய்ச்சல். கழுத்துக் கட்டி பெரிதாகியிருக்கிறது. தொட்டு எண்ணினேன்: இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று, கக்கத்தில் ஒன்று. வலி இல்லை. போன மாதம், எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடி தோளில் பட்டது. அதனால்தான் என்கிறார். வலிக்காத அடி உண்டா?
புதன் ஆஸ்பத்திரி.

ஆனி 16, புதன்
திருவனந்தபுரம். போன வாரம் எடுத்த இரத்தம், கட்டித் துண்டு, இரண்டுக்கும் முடிவு வந்தது. அடி இல்லை. இரத்தப் புற்று. டாக்டர் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். உடம்புக்குக் காவலான வெள்ளை அணுக்கள் கெட்டுப் பெருகிவிட்டன. இரத்தம் போக, நிணநீர் என்று இன்னொரு ஓட்டமும் உடம்பில் உண்டாம். வழிநெடுக, காவலுக்கு முடிச்சுகள். கெட்ட அணுக்கள் அங்கே அடைந்துதான் வீக்கம். இனிச் சின்ன நோயும் தாங்காது. படம்கூட வரைந்தார். தலையாட்டினேன். காவல் அணு கூடினால் பலம்தானே கூட வேண்டும்?
"மாறுமோ?" என்று இவர் மலையாளத்திலேயே கேட்டார், குணமாகுமா என்று.
"நோக்காம்."
பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பஸ்ஸில் அதே நினைப்பு. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

ஆனி 18, வெள்ளி
போராட்டக் கூட்டாளி தாசையன் வந்தார். "எலே செல்லையா, ஞாயிறு கூட்டத்துல மேடையில ஏறி கழுத்தக் காட்டினா மதி, வேறொண்ணும் வேண்டாம். போலீஸ் அடிச்சதாக்கும்னு நான் சொல்லுவேன்."
இவர் என்னைப் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். ஏன் போனேன்? அடி என்று ஊரே சொன்னால் அடியாகவே ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. அடி என்றால் ஆறும்.

ஆனி 20, ஞாயிறு
மழை விட்டது. பாறசாலையில் கூட்டம். பெண்கள் பக்கம் நின்றேன். இவர் மேடையில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.
"தோள்ல அடி கொண்டது உண்டு. இந்தக் கட்டி அதுல வந்தது இல்ல. ரத்தத்துல உள்ள சூக்கேடாக்கும், பெரிய நோவு. நாம கேக்கியது நியாயம். அதுக்குப் பொய் வேண்டாம்."
யாரும் கைதட்டவில்லை. தாசையன்தான் கைபிடித்து இறக்கினார். தாசையன் கண் கலங்கியிருந்தது.
வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கோபம். "எதுக்குச் சொன்னிய? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே."
"தெரியட்டும் பிள்ளே. எனக்குப் பயமா உண்டு. தனியா வச்சுக்கிட ஏலாது."
பயம் என்று இவர் சொல்லி இதுவரை கேட்டதில்லை. எல்லாரும் பார்க்க, நடுரோட்டில் கையைப் பிடித்துக்கொண்டேன். சுட்டது. காய்ச்சலா, என் கைதான் குளிர்ந்திருந்ததா, தெரியவில்லை.