வீட்டுக்காரி சொன்னாள்

மார்ச் 3

வீட்டரசிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று உன் தங்கை போனில் சொன்னாள். நீதான் போனுக்கு வருவதில்லை. வந்தாலும் ஊம் கொட்டுவதோடு சரி. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன், இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள் நீ. ஐந்து மாதம் ஆகிறது. இதற்குள் அவளுக்குப் புதுக்காலே முளைத்திருக்குமே!

வானொலியில் என் காலை நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். வானிலை அறிக்கை வாசிக்கப் போனவனை இருபத்திரண்டு வருஷம் 'வீட்டுக்காரி சொன்னாள்' என்று உன்னைப் பற்றிப் பேச வைத்தார்கள். போன வாரம் ஒரு காபி கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். என் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண். நன்றாகத்தான் பேசுகிறாள், அதுதான் வயிற்றெரிச்சல். என் புத்தகங்கள் மூன்றும் கடையில் பத்திரமாக இருக்கின்றன, அதாவது யாரும் வாங்கவில்லை. மிச்சம் இருப்பது விருந்துப் பேச்சு ஒன்றுதான். பல் டாக்டர்கள், லிஃப்ட் கம்பெனிக்காரர்கள், தலைமையாசிரியர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போகிறேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து இருபது நிமிஷம் உன்னைப் பற்றிப் பேசுகிறேன். வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். "இப்படி ஒரு வீட்டம்மா கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும் சார்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்க ஆள் இல்லை.

புதுச் சரக்கும் தீர்ந்துவிட்டது. நீ இருந்தால்தானே? எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உன் ரேடியோக்காரன்

மார்ச் 11

வானொலியாருக்கு,

நிகழ்ச்சி நின்றதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். வருத்தமாக இருந்தது, உண்மையாகவே.

தங்கை இப்போது மாடிப்படி ஏறுகிறாள். நான்தான் கிளம்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சட்டைப்பையில் எப்போதும் வெள்ளை அட்டைகள் இருக்கும். நான் வாயைத் திறந்தால் பாதிப் பேச்சிலேயே ஒன்றை எடுத்து எழுதுவீர்கள். அம்மாவோடு போட்ட சண்டை, அழுதுகொண்டே உளறியது எல்லாம் மறுநாள் ஏழரைக்கு ரேடியோவில் வரும். காய்கறிக்காரர் தக்காளியை நிறுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் பேசுவதைக் குறைத்தேன். "என்ன, இப்பல்லாம் உனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குதே?" என்று கேட்டீர்கள்.

இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. பரிசோதனை முடிவு வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. கடைசியில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினெட்டு நாளும் உங்கள் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சொல்லவில்லை. அட்டையை எடுத்துவிடுவீர்களோ என்று பயம்.

இங்கே வாய் ஓயாமல் பேசுகிறேன். தங்கை கேட்டுச் சிரிக்கிறாள், அப்புறம் மறந்துவிடுகிறாள். அது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

உங்களை வெறுத்து வரவில்லை. உங்கள் இருமல் கேட்காமல் விடிவது எனக்கும் என்னவோ போலத்தான் இருக்கிறது. இரண்டே விஷயம் கேட்கிறேன். சிரிப்பே இல்லாமல் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த விருந்தில் என்னைப் பற்றிப் பேசாதீர்கள். நான் பஸ் ஏறிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 17

அன்புள்ள உனக்கு,

நான்கு தாள் கிழித்தாயிற்று. சிரிப்பில்லாமல் எழுதுவது பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு பேசுவது மாதிரி இருக்கிறது. (மன்னித்துவிடு, தானாக வந்துவிட்டது.)

அந்தப் பதினெட்டு நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே நினைவில்லை. எதிரில் இருந்தவளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

முட்டையை வேகவைத்து அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறேன். நேற்று முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை பால்காரரிடம் பேசப்போய்க் குரல் கட்டிக்கொண்டபோதுதான் அது தெரிந்தது. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. வந்துவிடு.

26ஆம் தேதி இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் விருந்து. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சத்தியம்.

உன்
ரேடியோக்காரன்

மார்ச் 22

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு தடவை படித்தேன். பல் டாக்டரைக் கழித்துவிட்டால் முக்கால்வாசி தேறிவிட்டீர்கள். ஏப்ரல் 4, ஞாயிறு மத்தியான பஸ்ஸில் வருகிறேன். பையில் துணி அடுக்கியாயிற்று. நின்றுகொண்டு சாப்பிடாதீர்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

மார்ச் 27

அன்புள்ள உனக்கு,

நேற்று விருந்தில் எட்டு நிமிஷம் என்னைப் பற்றியே பேசினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்பூன் சத்தம் கேட்டது. முன் மேசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி உடம்புல கட்டி வந்ததை என்கிட்டயே மறைச்சுட்டா. டாக்டர்கிட்ட மொதல்ல என்ன கேட்டா தெரியுமா? 'டாக்டர், இது ரேடியோல வருமா?'" என்றேன்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரியப்போவதில்லை. நீயும் வந்திருப்பாய். ஆனால் இதை மறைத்துவிட்டு உன் பையை வாங்கிக்கொண்டு உன்னோடு நடக்க என்னால் முடியாது.

ஞாயிறு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

நான்

மார்ச் 31

அன்புள்ள உங்களுக்கு,

டாக்டரிடம் நான் அப்படிக் கேட்கவில்லை. அப்போது தோன்றவில்லை, தோன்றியிருந்தால் கேட்டிருப்பேன். நல்ல ஜோக்தான். தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நான் கேட்ட கடிதம் இதுதான். முப்பத்தொரு வருஷத்தில் நீங்கள் என்னிடம் நேராகப் பேசியது இது ஒன்றுதான். இதற்காகவே வந்துவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். வந்தால் மறுபடியும் வாயை மூடிக்கொள்வேன், எனக்கு என்னைத் தெரியும். துணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

விருந்துகளில் என்னைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். இதுவரை நான் சொன்னதெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும். இனிமேல் சொல்வதை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போய் நிற்காதீர்கள். அந்த பஸ்ஸில் நான் இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
நான்