நான் அழித்த ஃபைல்

வியாழன், இரவு.

காலையில், நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் குரோம்பேட்டை ஸ்கேன் சென்டரில் சர்வரை மறுபடி ஆன் செய்தபோது, நோயாளிகளின் படங்கள் இருக்கும் வர்ச்சுவல் மெஷின், அதாவது சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி, எழவில்லை. படங்களைச் சேமித்திருந்த அதன் டிஸ்க் ஃபைல், தான் திறப்பதற்கு அடிப்படையான ஒரு பழைய ஃபைலைக் கேட்டது. எந்த ஃபைல் என்று உடனே தெரிந்துவிட்டது. நேற்று மாலை, இடம் போதவில்லை என்று, தேவையில்லாதது என நினைத்து நானே அழித்தது. பேக்கப் எடுத்து மாதக்கணக்காகிறது. பகல் முழுக்க மீட்கப் பார்த்தேன். நேற்று இரவே புதிய படங்கள் அந்த ஃபைல் இருந்த இடத்தில் ஏறிவிட்டிருந்தன.

மாலையில் மேரி அக்கா வந்தார். கணவருக்கு மூளையில் கட்டி. கட்டி வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் போன மாதம் இங்கே எடுத்த படத்தைக் கேட்டிருக்கிறார். கோவிலம்பாக்கம் வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்து, அவர்களிடமிருந்த ஃபிலிம் கெட்டுவிட்டதாம்.

"படம் எங்ககிட்டயும் இல்லக்கா. சிஸ்டம் போயிடுச்சு."

"திரும்ப எடுத்துக்கலாமா தம்பி?"

"எடுக்கலாம். ஆனா போன மாசம் எப்படி இருந்துச்சுன்னு அதுல தெரியாதுக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்து, "மெஷின் கெட்டுப்போனா நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார்.