கம்மியான சம்பவம்

ஜூன் 9, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன். புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளினால் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு முறை தள்ளியாயிற்று. ஒரு கல்யாணம், ஒரு அஷ்டமி.

இன்று மூன்றாவது காரணம். விண்கல். வெள்ளியன்றுதான் பூமிக்குப் பக்கமாகப் போகிறதாம். கன்னட சானலில் நாள் முழுக்க நெருப்பு உருண்டை. நிலாவைவிடத் தள்ளித்தான் போகிறது என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டார்கள். அம்மாவால் பொடி எழுத்தைப் படிக்க முடியாது.

ஜூன் 10, புதன்

ஆபீஸில் வேலை ஓடவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் பொறுமையாக எழுதினேன். நிகழ்தகவு என்றால் யாருக்கும் புரியாது. எனவே: "கல் மோதும் சம்பவம் மிகக் கம்மி. பயப்பட வேண்டாம்."

பத்து நிமிடத்தில் கௌதள்ளியிலிருந்து மாமா. எங்கே மோதியது, எத்தனை பேருக்கு அடி? ஹனூர் சித்தி அதற்குள் தெரு முழுக்க அனுப்பிவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. கன்னடத்தில் சம்பவ என்றால் நடக்கக்கூடும். தமிழில் நடந்தே முடிந்தது. கர்நாடகத்தில் வளர்ந்து, பள்ளி முழுக்கக் கன்னடம். இத்தனை தமிழ்ப் புத்தகம் படித்தும் இந்த லட்சணம்.

திருத்தம் போட்டேன்: வாய்ப்பு கம்மி. மோதுவதற்கு வாய்ப்பு வேறு கொடுக்கிறார்களா என்று மாமா.

அம்மா: "கம்மியா ஆனாலும் ஆயிருச்சில்ல கண்ணு."

ஜூன் 11, வியாழன்

வெயில். எரிச்சல். அடுப்படியில் அம்மாவிடம், பயப்படவேண்டியவை எவை என்று வரிசையாகச் சொன்னேன்.

- யார் கண்ணிலும் படாமல் வரும் கல்
- சூரியப் புயல். கரண்ட் போனால் பல நாள்
- எங்கோ விண்மீன் வெடித்து வரும் கதிர். ஒளி வேகம். முன்தகவலே கிடையாது

மூன்றாவதைப் படித்துவிட்டுப் பதினாறு வயதில் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா கேட்டுக்கொண்டே ரசம் தாளித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

கத்திவிட்டேன். உலகமே அழியப்போகிறதென்றால் கண்ணைக் கட்டியிருந்தால் என்ன, கட்டாவிட்டால் என்ன?

அடுப்பை அணைத்தாள். "சாவறதுக்கு எனக்கென்ன பயம். ரெண்டு கண்ணையும் கட்டிப் போட்டிருவாங்க. கடைசியா உன்ற மூஞ்சியப் பாக்க முடியாதில்ல."

ஒரு கண்ணைத்தான் கட்டுவார்கள் என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

மூன்று நாளாக விளக்கம். ஈர்ப்பு விசை, சுற்றுப்பாதை. ஒருவரும் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில்.

ஜூன் 12, வெள்ளி

காலை 9.40. ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக. இடது கண்ணில் கட்டு. நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னாள். ஜன்னல் பக்கம் காற்று வருமே என்று நர்ஸ் கன்னடத்தில் கேட்டாள். வேண்டாமாம். வலது கண் என் பக்கம் வரும்படி உட்கார்ந்துகொண்டு முறைக்கிறாள். தலைகூடச் சீவாமல் வந்திருக்கிறேனாம்.