காருக்கு அப்பா தைத்த சட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், என் மூட்டுவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, கார்தான் சுகமில்லை. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காமல் இருக்கிறாயா? போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் செய்த கூத்தை அவர் காதுபட எப்படிச் சொல்வேன்? அதனால் அவர் தன் தையல் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் பேசும்போது நீ ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொன்னாய். உன் புதுக் காருக்கு மேலெல்லாம் வினைல் ஸ்டிக்கர் சுற்றிக் கறுப்பாக்கப் போகிறேன் என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த ஓட்டை டப்பாவை வித்துத் தொலைங்கப்பா, நான் வர்றப்ப டாக்சியிலயே வந்துக்கறேன்" என்றும் சொன்னாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. நீ வரும்போதெல்லாம் விமான நிலையத்துக்கு அவர்தானே வருவார், வழியெல்லாம் நீ வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாய், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மனுஷன் வருஷம் முழுக்க அந்த வண்டியைத் துடைத்துக்கொண்டு கிடக்கிறார். மறுநாள் காலையில் பார்க்கிறேன், கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு காருக்கு அளவெடுக்கிறார். "இடுப்பு கொஞ்சம் பெருத்துத்தான் போச்சு" என்று அதனிடமே சொல்கிறார்.

ஸ்டிக்கர் கடைக்காரர் பாவம், படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், முதலில் துருவைச் சரிபண்ணிவிட்டு, தூசி வராத அறையில் வைத்து, கைப்பிடி, பக்கக் கண்ணாடி எல்லாம் கழற்றி ஒட்டித் தருகிறேன், "அடியில என்ன இருக்கோ அதுதான் மேலயும் தெரியும்" என்றாராம். உன் அப்பா கேட்டால்தானே? "நாப்பது வருஷமா ஆடிக்கிட்டே அளவு குடுக்கிறவங்களுக்கெல்லாம் தைச்சிருக்கேன், ஆடாம நிக்கிற காருக்குத் தைக்க முடியாதா?" என்று சுருளை மட்டும் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். கடை ட்யூப் லைட்டில் பார்த்துக் கருநீலம் என்று வாங்கியிருக்கிறார். வாசலில் விரித்தால் பளீரென்று கத்தரிப்பூ நிறம். நீயாவது ஒரு துண்டை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சரி என்று சொல்லு, சரியா?

உதவிக்கு உன் சின்ன மாமா வந்தான். ஏற்கெனவே குரங்கு, இதில் கையில் கத்திரிக்கோல் வேறு. என் தம்பிதான், ஆனாலும் சொல்லத்தானே வேண்டும். காரைக் கழுவினவன் பளபளவென்று இருக்கட்டும் என்று மெழுகு பாலிஷையும் போட்டுத் தேய்த்துவிட்டான், அதன்மேல் ஒட்டினதெல்லாம் ஒரு பக்கம் ஒட்ட மறுபக்கம் எழுந்துகொண்டது. சரி என்று மறுபடி உரித்தால் துருப்பிடித்த இடத்தில் பெயின்ட்டும் கூடவே கையோடு வந்துவிட்டது. உன்னுடையது புதுக் கார், துரு இருக்காது, ஆனால் எங்கேயாவது இடித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அது நன்றாகக் காய்கிற வரைக்கும் ஸ்டிக்கர் பக்கம் போகாதே. சூடு காட்டி இழுத்து ஒட்ட அதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறதாம். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? கடை இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து பானெட் மேல் ஒரே இழுப்பு. அப்படியே இஸ்திரிப் பெட்டி அச்சு விழுந்துவிட்டது! அசருவாரா? அந்த இடத்தில் சட்டைக்கு வைக்கிற மாதிரி ஒரு பாக்கெட் வெட்டி ஒட்டி மறைத்துவிட்டார். பாக்கெட் வைத்த கார் இந்த ஊரிலேயே நம் வீட்டில்தான் இருக்கிறது. பெட்ரோல் போடுகிற மூடியையும் சேர்த்து மூடிவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு இரண்டு பேரும் மாட்டுக்கு வயிறு பார்க்கிற மாதிரி தடவித் தடவிப் பார்த்து, கடைசியில் உன் அப்பா சட்டைக்குக் காஜா எடுக்கிற மாதிரி கீறித் திறந்தார். கீறினதில் உள்ளே பெயின்ட்டிலும் கோடு விழுந்துவிட்டது. உன் வண்டிக்கு ஒட்டுகிறவர்களிடம் கத்தியை எங்கே வைத்து வெட்டுவீர்கள் என்று வாய்திறந்து கேள், கூச்சப்படாதே.

இதெல்லாம்கூடப் போகட்டும். கதவு ஓரமெல்லாம் நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து ஒட்டியிருக்கிறார். எதற்கு என்றேன். "உள்தையல் விட்டிருக்கேன், பின்னால பிரிச்சுவிட்டுக்கலாம்" என்றார். ஏங்க, கார் என்ன வளர்கிற பிள்ளையா என்று கேட்டேன். மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டு மூன்று கதவு திறக்கவே இல்லை. இழுத்தால் பெயின்ட் போய்விடும் என்று தொடவும் விடமாட்டேன் என்கிறார். பின்னால் இடது கதவு ஒன்றுதான் பிழைத்தது, அது வழியாக நுழைந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே தவழ்ந்து போய்த்தான் வண்டி ஓட்டுகிறார். போன வாரம் போக்குவரத்து போலீஸ்காரர் நிறுத்தி, இறங்கச் சொன்னால் முன்னால் யாரும் இறங்கவில்லை, பின் கதவு வழியாக முதலில் காலும் பிறகு ஆளும் வந்தால் அவர்தான் என்ன நினைப்பார்? "பேப்பர்ல வெள்ளைன்னு இருக்கு, வண்டி கத்தரிக்காய் மாதிரி இருக்கு" என்று கேட்டிருக்கிறார். "உள்ள வெள்ளைதான் சார், வேணும்னா உள்தையலைப் பிரிச்சுக் காட்டவா?" என்றாராம் இவர். போலீஸ்காரர் சிரித்துவிட்டதால் தப்பித்தோம், நிறம் மாற்றினதை ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக்கொடுக்கச் சொல்லி விட்டுவிட்டார். நீயும் ஒட்டுவதற்கு முன்னாலேயே வண்டி ஆபீசிலும் இன்சூரன்சிலும் சொல்லிவிடு. ஒட்டின கையோடு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதே, பறவை எச்சம் விழுந்தால் உடனே துடை, ஊறவிட்டால் கறை போகாதாம்.

மிச்சத் துணியை என்றைக்கு அவர் தூக்கிப்போட்டார்? ஃபிரிட்ஜ், தையல் மெஷின், சின்ன மாமாவின் ஹெல்மெட் எல்லாம் இப்போது கத்தரிப்பூ. வீட்டில் பசை தீர்ந்துவிட்டதால் இந்த உறையைக்கூட நான் அதை வைத்துத்தான் ஒட்டப்போகிறேன். இழுத்துக் கிழிக்காமல், முடி காயவைக்கிற மெஷினால் சூடு காட்டி மெதுவாக உரி. ஐயோ, இதை உறைக்கு வெளியே அல்லவா எழுத வேண்டும்.

சிரித்துச் சிரித்து எழுதினாலும் மனசு என்னவோ செய்கிறது. உன் பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றிலும் இப்படித்தான் உள்ளே துணி விட்டுத் தைப்பார், நீ வளர வளரப் பிரித்துவிடுவார். இப்போது நீ கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறாய், பிரித்துவிட அவர் கையில் உன்னுடையது என்று ஒன்றுமில்லை. காருக்காவது விட்டுக்கொள்ளட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அதனால் இந்த முறை நீ வருவதற்கு டாக்சி சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காரைப் பார்த்துச் சிரித்துவிடாதே, அடக்க முடியாவிட்டால் இருமு. வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, மனம் நிறைந்து நன்றாக இரு கண்ணே. ஒன்றே ஒன்றை மறக்காதே. பின் கதவு வழியாக ஏறினதும் டாக்சியில் வந்தவள் மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடாதே. முட்டி இடித்தாலும் பரவாயில்லை, தவழ்ந்து முன்னால் போய் உட்கார். அந்தச் சீட்டை அவர் தினமும் துடைத்து வைக்கிறார்.

இப்படிக்கு,
கத்தரிப்பூ ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா