புத்தகத்தில் இல்லாத பதில்

சட்டையில் இன்னும் சைலீன் வாடை அடிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடுகளுக்குப் பயன்படுத்தும் திரவம் அது. எத்தனை முறை துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. இன்று காலை அங்கே ஓர் இளம் டாக்டர் புதியவர்களுக்குப் பாடம் நடத்தினார். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ், ஆண் பெண் உறவில் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது என்றார். நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். கடைசி வரிசையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்; சில வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன், அண்ணே. நீங்கள் கண்மூடி ஐந்து மாதமாகிறது.

காஜா பெராங்கில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். நீங்கள் உஜோங் பாசிருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டினீர்கள். நான் மருத்துவமனையில் ஸ்லைடுகளுக்குச் சாயமேற்றிக்கொண்டிருந்தேன். சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டரம்மா ஒருவர், கருப்பை வாயிலிருந்து செல்களைத் தடவியெடுத்துப் பார்த்தால் நோய் முற்றுமுன் பிடித்துவிடலாம் என்று நம்பி ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார். வந்த பெண்கள் கொஞ்சம். அவர்களிலும் பாதிப்பேர் ரத்தப்போக்கு நிற்காமல், காலம் கடந்து வந்தவர்கள்.

உங்கள் முதல் மனைவி சரசு, ஜப்பான்காரன் போன மறுவருடம் அப்படித்தான் இறந்தார். அப்போது நோய்க்குப் பேர்கூட நமக்குத் தெரியாது. பிறகு நீங்கள் இரண்டாவதாகக் கட்டிய பாக்கியம். மெர்டேகா, சுதந்திரம் என்று பண்டார் ஹிலிர் திடலில் ஊரே திரண்டு நின்ற வாரத்தில் பாக்கியம் வார்டில் சுருண்டு கிடந்தார். அந்த மாதமே போய்விட்டார். இரண்டு பெண்பிள்ளைகளோடு நீங்கள் தனியாக நின்றீர்கள்.

காக்கி உடுப்போடு ஆய்வுக்கூடத்தின் பின்வாசலுக்கு நீங்கள் வந்தது அதற்குப் பிறகுதான். பசியாறிவிட்டீர்களா என்று கேட்டேன். நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

"தம்பி, ஒன்னு கேக்கணும். சரசுக்கும் இதேதான், பாக்கியத்துக்கும் இதேதான். என்கிட்டேருந்து போயிருக்குமா?"

"சே, என்னண்ணே நீங்க! இது தொத்து வியாதி இல்ல லா."

"அது புஸ்தகத்துல இருக்கா, இல்ல நீயா சொல்றியா?"

"புஸ்தகத்துலயே இருக்கு."

இல்லை, அண்ணே. நான் எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்திருக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தேன், வாயில் வந்ததைச் சொன்னேன். டாக்டரம்மாவிடம்கூட அந்தக் கேள்வியை நான் கொண்டுபோகவில்லை. ஒரு பெண்மணியிடம் இதை எப்படிப் பேசுவது என்று வெட்கம்.

பிள்ளைகளுக்காக என்று சொந்தக்காரர்கள் வற்புறுத்தினார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்து காமாட்சி அண்ணியைக் கட்டிக்கொண்டீர்கள். மறுவருடமே அவரைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தீர்கள். அதற்கடுத்த வருடமும் வந்தீர்கள். நோவு இல்லாத மனைவியைக் கூட்டிவரும் புருஷனை டாக்டரம்மா அதுவரை பார்த்ததில்லை.

"ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"எனக்கு ஒன்னுமில்ல டாக்டரம்மா. இவருதான் சும்மா இருக்கவிட மாட்டேங்கிறாரு," என்று அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பஸ் டிப்போவில் உங்களைக் கேலி செய்தார்கள். நீங்கள் வருடம் தவறாமல் அண்ணியைக் கூட்டிவந்தீர்கள். ஆறாவது வருடம் அண்ணியின் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தேன். செல்களின் உட்கருக்கள் பெருத்து, மைபோலக் கறுத்திருந்தன; நோயின் அடையாளம். மூன்று முறை பார்த்தேன். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன். நோய் பரவியிருக்கவில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள்.

அன்று வார்டுக்கு வெளியே பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள்: "ஒன் பேச்ச நம்பித்தான் தம்பி இவளக் கட்டுனேன். நம்பாமத்தான் வருஷா வருஷம் கூட்டியாந்தேன்."

கோபமில்லாமல் சொன்னீர்கள். அதுதான் தாங்கமுடியவில்லை.

அதன் பிறகு தலைநகரத்துக்கு மாறிப்போய் இதே ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்டேன். எங்கள் படிவத்தில் 'கணவரின் முந்தைய மனைவி எப்படி இறந்தார்?' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். பெரியவர்கள் சிரித்தார்கள். நானும் விட்டுவிட்டேன். வைரஸ்தான் காரணம் என்ற பதிலை எங்கோ வேறு தேசத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். எங்கள் வாசலுக்கு இன்னும் காலம் கடந்துதான் பெண்கள் வருகிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை காஜா பெராங்குக்கு வந்தேன். அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்தேன், உங்கள் மூட்டுவலியைப் பற்றிப் பேசினேன், திரும்பிவிட்டேன்.

உங்கள் கருமாதியன்று அண்ணி என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, அவரு ஒங்ககிட்ட என்னமோ ஒன்னு திரும்பக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், வேணாம், கேட்டா அவனுக்கு சூசாவா, கஷ்டமா போயிரும்னு விட்டுட்டாரு."

என்னைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் கேட்காமல் இருந்திருக்கிறீர்கள். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

ஆமாம், அண்ணே. உங்களிடமிருந்து போயிருக்கலாம். உங்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்லமுடியாது. எத்தனையோ பேர் உடம்பில் சத்தமில்லாமல் வந்து போகிற ஒன்று அது. அதில் பாவமும் இல்லை, குற்றமும் இல்லை. அண்ணி உயிரோடு இருப்பது உங்களால்.

நாளை காலை பார்க்க ஒரு தட்டு நிறைய ஸ்லைடுகள் இருக்கின்றன. அந்தப் பெண்களில் எவருடைய கணவரும் இதுவரை என்னிடம் வந்து எதையும் கேட்டதில்லை. யாராவது வந்தால் தெரிந்ததைச் சொல்வேன்; தெரியாததைத் தெரியாது என்பேன். அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.