மூன்றில் ஒரு பொய்

என் மனைவியும் இணையாசிரியையுமான உனக்கு,

நம் துணுக்குப் பத்திரிகையின் வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே தலை சுற்றுகிறது. ஆரம்பித்தது நானா, நீயா? முதல் இதழில் ஆசிரியர் என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அச்சுப்பிழையோ என்று அச்சகக்காரரைக் கேட்டேன். "பிழையெல்லாம் இல்ல சார், நீங்க சொல்லித்தானே போட்டேன்" என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். பக்கத்துக்கு மூன்று தகவல், அதில் ஒன்றே ஒன்று பொய், வாசகர் கண்டுபிடிக்கட்டும் என்ற விளையாட்டு உன்னுடையது. நத்தைக்கு விக்கல் வரும் என்று நீ விட்ட கதையை ஒரு வாத்தியார் வகுப்பிலேயே நடத்திவிட்டாரே!

போன மாதம் பெட்டியோடு வாசலில் நின்று நீ சொன்னதும் மூன்றுதான். "சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. உங்க மேல எனக்குக் கோபமில்ல. திரும்பி வருவேன்."

சாவி இருந்தது.

மீதி இரண்டை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன். நம் விதிப்படி இந்த இரண்டில் ஒன்றே ஒன்றுதான் பொய். அதனால் கேட்கிறேன்: உனக்கு என்மேல் கோபம்தானே? நிறையக் கோபம்தானே?

இப்படிக்கு,
விடை தெரியாத வாசகன்