பெயர் வேண்டாம் என்றேன்

ஞாயிறு இரவு, ஹேவாஹெட்ட

கோடு போட்ட கொப்பியிலும் எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. என் கண்கள்தான் மன்னிக்க வேண்டும். மறுபடி வாசிக்கப்போவது அவைதான்.

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வந்த காசநோயைப் பற்றி என் பேச்சைப் பதிவு செய்த, கெம்பஸில் ஆராய்ச்சி செய்யும் மிஸ் இன்று வந்தார். அவருடைய கட்டுரை அச்சாகப்போகிறது. அதோடு எங்கள் பேச்சு முழுவதையும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் படிக்கும்படி இன்டர்நெட்டில் போட வேண்டுமாம். அதற்குச் சம்மதம் கேட்டார். பேச்சைப் பதிவு செய்த அன்றைக்கு எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தேன். பிறகுதான் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துப் பழகினேன். இன்று சம்மதத் தாளை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. "பெயர் நீக்கப்படும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"ஏன் மிஸ், இப்பதானே பேரு எழுதவே பழகுனேன். இருந்துட்டுப் போகட்டுமே."

என் மனைவி சிரித்தாள். "பேரப் பாத்து மாலை போட வரப்போறாங்களாக்கும்."

மிஸ் மெதுவாகச் சொன்னார். "பேத்திக்கு நோய் வந்ததையும் சொல்லியிருக்கீங்க தாத்தா. ஒங்க பேரு இருந்தா அவங்க யாருன்னும் தெரிஞ்சிரும்."

பேத்தி குணமாகிவிட்டாள். கம்பளையிலிருந்து பெண் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஊர் வாய்.

"பேச்சு இருக்கட்டும் மிஸ், யாருக்காவது ஒதவும். பேரு வேணாம்" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். என் முதல் கையெழுத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் இங்கே இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

முத்தையா.

"தை" கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அடுத்த கிழமை நேராக எழுதுகிறேன்.